வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள்!

(புன்னக்காயலில் பெற்றோர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



வலையைக் காயப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உப்பளத்திலிருந்து கால் வெடிப்போடு வந்திருக்கிறீர்கள். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலும் முக்காணி வயல்காட்டிலும் வேலை முடித்து, குளித்தும் குளிக்காமலும் வந்திருக்கிறீர்கள். தூத்துக்குடி ஆலையில் பகல் ஷிப்டு முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த தோழர்களும் இருக்கிறீர்கள். களைத்து வந்த உங்களிடம் நீட்டி முழக்கிப் பேசினால் அது நியாயமாகாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு கேள்வி கேட்கிறோம். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள் நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? சேர்க்கிற அன்று போயிருப்பீர்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்குகிற அன்று போயிருப்பீர்கள். இடையில், பையன் எவனையோ அடித்துவிட்டான் என்று ஆள் அனுப்பிய அன்று போயிருப்பீர்கள். இந்த மூன்று நாளைத் தவிர நான்காவது நாள் போனவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

மூன்று கைகள். மூன்றும் தாய்மார்கள் கை. அந்த மூன்று பேருக்கும் நம் வணக்கம். கை தூக்காதவர்கள் தலை குனிய வேண்டியதில்லை. நீங்கள் ஏன் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ஒரு கடிதத்தின் கதை

எங்கள் தகப்பனார் ஸ்ரீவைகுண்டம் வாய்க்கால் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். கையெழுத்துப் போடத் தெரியாது. 1996-ஆம் வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மறுவாரமே, நம் ஜில்லாப் பையன்கள் பலரையும்போல, நாங்களும் சென்னைக்கு மளிகைக் கடை வேலைக்கு ரயிலேறிவிட்டோம். பரீட்சையில் தேறினோம். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பதினோராம் வகுப்பில் சேர்ந்தால் விடுதியில் இடம் உண்டு, பத்து நாளைக்குள் தகப்பன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சேதி.

தகப்பனாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்து முத்திரை தெரியும். இரண்டு நாள் வேலை முடித்துப் போனார். பள்ளிக்கூடம் சாத்தியிருந்தது. மூன்றாம் நாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், "பெரியவர் வேலையா இருக்கார், நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் இருந்த காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. நாளைக்கும் ஒரு அரைநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. தகப்பனார் திரும்பி வந்து காகிதத்தைத் தகரப் பெட்டியில் வைத்தார்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கடிதத்தை நாங்கள் படித்தோம். ஐந்து மாதம் கழிந்திருந்தது. "இதிலே என்னலே எழுதியிருக்கு?" என்று தகப்பனார் கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, பாஸான சேதிதான்" என்று சொன்னோம். அவர் சாகிற வரைக்கும் அதுதான் அவருக்குத் தெரிந்த சேதி.

தோழர்களே, இதை எங்கள் கண்ணீரைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தகப்பனாருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மூன்று தடவை நடந்தார். அவருக்கு அக்கறை இருந்தது. அந்த அக்கறை உள்ளே நுழைய வழி இல்லை. பள்ளிக்கூடத்தின் நேரம் வேறு, கூலிக்காரன் நேரம் வேறு. பள்ளிக்கூடத்தின் பாஷை காகிதத்தில் இருந்தது, அவர் பாஷை வாயில் இருந்தது. உள்ளே நாற்காலி இருந்தது, அது அவருக்கென்று போட்டதல்ல.

"படிக்காதவனுக்கு அக்கறை இல்லை" என்பது பொய்

பெரிய மனிதர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "இந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், பள்ளிக்கூடம் என்ன செய்யும்?" என்பார்கள். இது பொய் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1999-இல் வட இந்தியாவில் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்து எழுதிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. ஆண் பிள்ளைக்குப் படிப்பு அவசியம் என்று 100 பெற்றோரில் 98 பேர் சொன்னார்கள். பெண் பிள்ளைக்கும் அவசியம் என்று 89 பேர் சொன்னார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறியாதவர்கள்.

வடநாடு வரைக்கும் போவானேன்? இந்தப் புன்னக்காயல் மண்ணையே பாருங்கள். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அன்றிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இங்கே தங்கித் தமிழ் கற்றார். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த நாட்டிலேயே முதன்முதலாக அச்சான புத்தகம் அதுதான். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிய ஜனங்கள், தங்களில் அநேகர் படிக்க முடியாத ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுத்தார்கள். அந்த ஜனங்களின் சந்ததிக்கா எழுத்தில் அக்கறை இல்லை?

பெற்றோரின் பங்கு: இரண்டு விதமான பேச்சு

பெற்றோரின் பங்கு என்ற வார்த்தையைக் கேட்டவுடன் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. யார் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1953-இல் ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்தால் போதும், மிச்ச நேரம் தகப்பனிடம் தொழில் கற்கட்டும் என்றார்கள். அதிலும் பெற்றோருக்குப் பங்கு இருந்தது! என்ன பங்கு? செருப்புத் தைக்கிறவன் மகனுக்கு ஊசியைக் கொடுப்பது, சிரைக்கிறவன் மகனுக்குக் கத்தியைக் கொடுப்பது. ஜனங்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜ் மந்திரிசபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

அது போய்த் தொலைந்தது என்று நினைக்க வேண்டாம். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்தார்கள். வீட்டில் பீடி சுற்றுகிற இடத்தில், குடும்பத்தோடு குத்தகைக்கு வேலை எடுக்கிற இடத்தில், உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று யார் அளப்பது?

இன்னொரு விதமான பங்கும் சரித்திரத்தில் உண்டு. 1956-இல் இந்தப் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜ் தொடங்கி வைத்தார். முதலில் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும்தான் அடுப்பேறிற்று. பிறகு சர்க்கார் பணம் சேர்ந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். ஜனங்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் மணியும் கொடுத்தார்கள். ஏழைத் தமிழ்நாடு தன் பிள்ளைகளுக்காகத் தன் கையாலேயே பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்திய காலம் அது. பெருமையோடு சொல்ல வேண்டிய விஷயம்.

ஆனால் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பெற்றோரிடம் கேட்டது பொருள். அபிப்பிராயம் கேட்கவில்லை. பெஞ்சு கொடுத்த மனிதனை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்து, "பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, சொல்லுங்கள் ஐயா" என்று கேட்கும் ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாடு சட்டமாக வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது கவனமாகக் கேளுங்கள். இது வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டிய விஷயம்.

2009-இல் பாராளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி பாத்தியதை என்கிறது அந்தச் சட்டம். அதன் 21-ஆவது பிரிவு, உதவிபெறாத தனியார் பள்ளிகளைத் தவிர மற்றப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது காப்பாளர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பகுதி மக்களுக்கு அவர்கள் தொகைக்குத் தக்க இடம் தர வேண்டும்.

அந்தக் குழுவின் வேலை என்ன? பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் தீட்டிக் கொடுப்பது.

தமிழ்நாட்டில் 2022-இல் சர்க்கார் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேரில் 15 பேர் பெற்றோர். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். நல்ல காரியம். இதை வரவேற்கிறோம்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கதி உண்டு. இங்கே பல பள்ளிகள் திருச்சபையோ தனியாரோ நடத்தி, சர்க்கார் சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பள்ளிகள். 2012-இல் வந்த திருத்தம், உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை சொல்வதோடு நிற்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு சிறுபான்மையோர் பள்ளிகளை இந்தச் சட்டத்துக்கு வெளியிலேயே வைத்தது. சிறுபான்மையோரின் உரிமையை நாம் மதிக்கிறோம். பங்குச் சாமியாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், நடத்துகிறவர்கள் மனமுவந்து பெற்றோரைக் கூட்டி உட்காரவைப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. அதை நாம் மரியாதையோடு, ஆனால் விடாமல், கேட்க வேண்டும்.

குழு இருக்கிறது, கூட்டம் எங்கே?

சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது. அப்படியானால் குறை எங்கே?

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என்று வைத்தார்கள். உத்தியோகஸ்தருக்கு அது வசதியான நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் உப்பளத்தில் வாருகிறவள் எங்கே இருப்பாள்? நடவுக்காரி எங்கே இருப்பாள்? ஆலைத் தொழிலாளி மிஷினை நிறுத்திவிட்டு வர முடியுமா? நேற்று ஒரு தாயார் எங்களிடம் சொன்னார்: "அண்ணாச்சி, நான் கமிட்டியிலே இருக்கேன்னு எனக்கே பொறவுதான் தெரியும். நோட்டு வீட்டுக்கு வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். கூட்டத்துக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சே!"

இது அவர் ஒருவர் கதை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் ஜவுன்பூர் ஜில்லாவில் பொருளாதார நிபுணர்கள் சிலர் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்த ஜில்லாவில் கிராமக் கல்விக் குழு ஒன்று இருக்கிறது என்பதே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தெரியவில்லை. குழு உறுப்பினரிலேயே சுமார் கால்வாசிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியவில்லை! கூட்டம் போட்டுச் சட்டத்தை விளக்கிச் சொன்னார்கள். அப்போதும் குழுக்கள் அசையவில்லை. ஆனால் இளைஞர்களுக்குப் பிள்ளைகளை வாசிக்கப் பழக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, "உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்றபோது இளைஞர்கள் முன்வந்தார்கள். அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் நன்றாகவே வாசிக்கத் தொடங்கினார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? வெறும் பிரசங்கத்தால் ஜனங்கள் அசைய மாட்டார்கள். செய்யக்கூடிய வேலையைக் கையில் கொடுத்தால் செய்வார்கள். நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்களாக வந்து மாலை வகுப்பு எடுத்தார்களே, அது இதற்கு நம் ஊர்ச் சாட்சி.

கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பது

ஆகவே மாவட்டக் கல்வி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நாம் மகஜர் கொடுக்கப் போகிறோம். அதில் ஆறு கோரிக்கைகள்.

முதலாவது, கூட்டத்தின் நேரம். ஊருக்கு ஊர் வேலை நேரம் வேறு. கடல் தொழிலுக்குப் போகிற ஊரில் ஒரு நேரம், உப்பள ஊரில் ஒரு நேரம், ஆலைத் தொழிலாளர் இருக்கிற ஊரில் ஒரு நேரம். பெற்றோரைக் கேட்டு நேரம் குறிக்கும் அதிகாரத்தைப் பள்ளிக்கே கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு விளக்குப் போட்டுக் கூட்டம் நடத்தினால் பள்ளிக்கூடம் தேய்ந்துவிடாது. பொழுது சாய்ந்த பின் வேலை செய்யும் ஆசிரியருக்கு அதற்கு ஈடான ஓய்வு கொடுங்கள். ஆசிரியரும் உழைப்பாளிதான்.

இரண்டாவது, கூலி. பகலில்தான் பயிற்சி, பகலில்தான் ஆய்வு என்றால், போகிற உறுப்பினருக்கு அன்றைய கூலி இழப்பை ஈடு செய்யுங்கள். அதிகாரி கூட்டத்துக்குப் போனால் பயணப்படி உண்டு. கூலிக்காரி போனால் பட்டினியா?

மூன்றாவது, சேதி. காகிதத்தில் எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. கைப்பேசியில் குழு வைத்து எழுத்தில் போட்டாலும் போதாது. படிக்கத் தெரியாத தாயாருக்குக் குரலில் சொல்லுங்கள். கோயில் ஒலிபெருக்கியிலே, சங்கத்து வாசலிலே, ரேஷன் கடையிலே வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் தகப்பனாரின் தகரப் பெட்டியில் கிடந்த மாதிரி ஒரு காகிதம் இனி எந்த வீட்டிலும் கிடக்கக் கூடாது.

நான்காவது, கணக்கு. பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வகுக்கப்பட்டிருக்கிறது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் வருஷத்துக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. இவ்வளவு வந்தது, கழிவறைக்கு இவ்வளவு, சுண்ணாம்புக்கு இவ்வளவு என்று பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். பணம் வரவில்லையா? வரவில்லை என்றும் எழுதட்டும். 2024-25-ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்ததே! தலைநகரில் நடக்கும் இந்தத் தகராறில் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது யார்? நம் பிள்ளை. அந்தக் கணக்கும் நமக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர் வீட்டுக்கு வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது. வந்து குறை சொல்ல அல்ல, பார்க்க. இந்தப் பையன் எங்கே உட்கார்ந்து படிக்கிறான், விளக்கு இருக்கிறதா, ராத்திரி எத்தனை மணிக்கு வலைக்குக் கூடப் போகிறான் என்று பார்த்த ஆசிரியர், மறுநாள் வகுப்பில் அவன் தூங்கினால் பிரம்பை எடுக்க மாட்டார். இதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஒருவர் என்று சட்டம் சொல்கிறது. காலி இடங்களை நிரப்புங்கள். புள்ளிவிவரப் படிவங்களை நிரப்பும் வேலையைக் குறையுங்கள்.

ஆறாவது, நாற்காலி. கேட்டவுடன் சிரிக்கிறீர்கள். இது சின்ன விஷயம் அல்ல. பள்ளிக்கு வருகிற ஒவ்வொரு பெற்றோருக்கும் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், "வாங்க, என்ன விஷயம்?" என்று ஒரு வார்த்தை. இதற்கு மானியம் வேண்டியதில்லை. உத்தரவு ஒன்று போதும்.

நாம் செய்ய வேண்டியது

கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை, தோழர்களே. நம் பக்கத்திலும் பிழை இருக்கிறது. அதை மறைத்தால் நாம் தொழிலாளி வர்க்கத்துக்கு உண்மையாக நடந்தவர்கள் ஆக மாட்டோம்.

"பொம்பளப் பிள்ளைக்கு எட்டு போதும்" என்று சொல்கிற தகப்பன் இங்கே இருக்கிறார். பையன் எட்டாவது முடித்தவுடன் வள்ளத்தில் ஏற்றிவிடுகிற தகப்பன் இருக்கிறார். சட்டத்தின் காவல் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. அந்த இரண்டு வருஷப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போடுவது நம் கையில் இருக்கிறது. சாராயக் கடையில் போகிற காசைப் பற்றி இங்கே நாங்கள் பேசவில்லை. தாய்மார்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

படிக்காதவர் பிள்ளைக்கு என்ன உதவ முடியும் என்று கேட்கிறீர்கள். நிறைய முடியும். மாலையில் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, "இன்னைக்குப் படிச்சதைச் சொல்லு, கேக்கேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. அவன் உரக்கப் படித்தால் போதும். தடுமாறுகிறானா, ஓடுகிறானா என்பது உங்கள் காதுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தடுமாறினால், மறுநாள் காலை போய் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். "சார், பிள்ளை வாசிக்கத் திணறுது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இப்படிப் பத்துப் பெற்றோர் கேட்ட பள்ளியும், யாரும் கேட்காத பள்ளியும் ஒன்றாக இருக்காது.

சோற்றையும் பாருங்கள். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆகவே இது உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கும் உரிய சோறு. வாரம் ஒரு தாயார் முறை வைத்துப் போய், கஞ்சி வெந்திருக்கிறதா, எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று பாருங்கள். சமைக்கிற அக்காவுக்கு மரியாதை கொடுத்துப் பாருங்கள். அவரும் நம்மைப்போலக் கூலிக்காரிதான்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் ஒன்று மே தினம். ஆலைத் தொழிலாளிக்கும் அன்று விடுமுறை. நம் பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற தீர்மானத்தை அன்று வையுங்கள். பதில் வரவில்லையா? 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். எழுதத் தெரியவில்லை என்றால் சங்கத்துக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

முடிவாக ஒரு ஏற்பாடு. இந்தக் கூட்டத்திலேயே தெருவுக்கு ஒருவராக, படிக்கத் தெரிந்த இளைஞரையோ பெண்ணையோ தேர்ந்தெடுத்துவிடுங்கள். அவர்களுக்கு ஒரே வேலை. பள்ளியிலிருந்து எந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அன்று ராத்திரிக்குள் படித்துச் சொல்வது. தேதி இருந்தால் சுவரில் குறித்து வைப்பது. கையெழுத்துப் போடப் போகிறவர் தனியாகப் போகாமல் இன்னொருவர் கூடப் போவது. இதற்குச் சட்டம் வேண்டாம், மானியம் வேண்டாம், சர்க்கார் உத்தரவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.

தோழர்களே! ஆலையில் கூலி உயர்வு கேட்டபோது வாசலில் நின்று கோஷம் போட்டோம். பிறகு உள்ளே போய் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசினோம். உட்காரும் உரிமையை யாரும் நமக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. ஒன்றாகப் போனோம், உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். தனியாகப் போன ஒரு தகப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கி வாசலில் நின்றான். பதினைந்து பேராகப் போனால் நாற்காலி தானாக வரும்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போய் உட்காருங்கள். நம் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்க்கட்டும். அப்பாவும் அம்மாவும் உள்ளே உட்கார்ந்து வாத்தியாரோடு பேசுகிறார்கள் என்று அவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டால், அந்தப் பள்ளிக்கூடம் தங்களுடையது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தெருப் பிரதிநிதிகளின் பெயர்களை இப்போதே சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறோம்.